இந்தத் தடவை க்ரவுண்ட்லெஸ்

சிதம்பரத்தில் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு வரும் புகார்களுக்கெல்லாம் ஜான்சிதான் இங்கிலீஷில் பதில் டைப் அடிப்பாள். அதிகாரி உத்திராபதி எந்த ஊருக்கும் போய் விசாரித்ததில்லை. வார்த்தையை மட்டும் மாற்றி மாற்றிப் போடச் சொல்வார். ஒரே வார்த்தை என்றால் கடலூரில் மேலதிகாரிக்குச் சந்தேகம் வருமாம்.

அன்றைக்கும் ஒரு மனுவை அவள் பக்கம் தள்ளினார்.

"காட்டுமன்னார்கோயில்ல ரைஸ்மில் கரி வீட்டுக்குள்ள விழுதாம். போன மனுவுக்கு பேஸ்லெஸ், அதுக்கு முந்தினதுக்கு அன்ஃபவுண்டட். இதுக்கு க்ரவுண்ட்லெஸ்னு போடும்மா."

மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: ஆதாரமில்லை.

மனுவின் அடியில் அமராவதி என்று கையெழுத்து. ஜான்சியின் அம்மா. மகளிடம்கூடச் சொல்லாமல் எழுதியிருக்கிறாள். கொடியில் கறுத்துப்போன துணியைத் தினமும் இரண்டாம் தடவை துவைக்கிறவள்.

"ஒருவாட்டி நேர்ல போய்ப் பாத்துட்டு எழுதலாமே சார்?"

"வேல இல்லாதவங்க எழுதுறதுக்கெல்லாம் போவ முடியுமா? சீக்கிரம் அடி, எனக்கு பஸ்ஸு இருக்கு."

ஜான்சி தன் விரல்களைப் பார்த்தாள். இத்தனை நாள் எத்தனை பேர் வாயை இந்த விரல்கள் அடைத்திருக்கின்றன! கீபோர்டு உடைகிற மாதிரி அடித்தாள்.

உத்திராபதி வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திவிட்டுக் கிளம்பினார். கடலூருக்கான நகலை ஜான்சியே தபாலில் சேர்த்தாள். அதில் இருந்தது இதுதான்:

"நான் அந்த மில்லை நேரில் பார்த்ததே இல்லை. இதுவரை எந்தப் புகாரையும் விசாரித்ததில்லை. ஆகவே என்னுடைய பதில்கள் அத்தனையும் க்ரவுண்ட்லெஸ்."