சலவைக்கூடத்துக் கை

என் நாத்தனாரை இன்று பேப்பரில் போடுகிறார்கள். அழகுப் பொருள் தொழிலுக்கு வந்த முதல் பெண்களில் ஒருத்தியாம். அன்றைக்கு அவள் என் சமையல் பாத்திரங்களைப் பாழாக்கிய ஒருத்தி, அவ்வளவுதான். கைக்குப் பூசுகிற கிரீம் செய்கிறேன் என்று சோறு வடிக்கிற சட்டியில் மெழுகை உருக்குவாள். "உங்க தங்கச்சிக்கு வேற வீடு பாருங்க, இல்லேன்னா எனக்கு வேற சட்டி வாங்குங்க" என்று என் வீட்டுக்காரரிடம் கத்தியிருக்கிறேன்.

ஆனால் கிரீம் நல்ல கிரீம். சலவைக்கூடத்தில் சோடாத் தண்ணீரில் ஊறி ஊறி என் கை வெடித்து ரத்தம் கசியும். அவள் தினமும் உட்கார்ந்து தேய்த்துவிட்டாள். வெடிப்பு மூடிக்கொண்டு வந்தது.

வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தச் சனிக்கிழமை ஃபேன்சி ஸ்டோர்காரம்மா உன் கிரீமை வாங்கலேன்னா, திங்கட்கிழமை அண்ணியோட சலவைக்குக் கிளம்பு. அடுப்புப் பக்கம் உன்னைப் பார்த்தேன்னா இருக்கு!" என்றார். அவள் என் கையைப் பார்த்தாள்.

கடைக்காரம்மா ஏற்கெனவே வாசனை பத்தாது என்று சொல்லியிருந்தாள். இவள் பதறிப்போய் செய்து வைத்த கிரீமில் சென்ட் பாட்டிலை அப்படியே கவிழ்த்துவிட்டாள். சென்டில் ஸ்பிரிட் இருக்கும். கிரீமுக்கு அது ஆகாது. சனிக்கிழமை காலையில் பார்த்தால் எல்லாம் திரிந்து, மேலே எண்ணெய், அடியில் தண்ணீர். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, நான் செத்தேன்."

புதிதாகச் செய்யலாமென்றால் மெழுகும் தீர்ந்துவிட்டது. சென்ட் படாமல் மிச்சமிருந்தது நான் பூசிக்கொண்டிருந்த அரை பாட்டில்தான். அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஓடினோம்.

கடை முழுக்கக் கண்ணாடி. எங்கே திரும்பினாலும் நாங்கள் இரண்டு பேர்தான் தெரிந்தோம், பார்க்கச் சகிக்கவில்லை. கடைக்காரம்மா பாட்டிலை மோந்து பார்த்தாள். "வாசனையும் இல்ல, பாதிதான் இருக்கு. இதைத் தூக்கிட்டு வியாபாரத்துக்கு வந்துட்டியா?"

நாத்தனார் சட்டென்று என் கையைப் பிடித்து மேஜைமேல் விரித்தாள். "எங்க அண்ணிங்கம்மா. சலவை வேலை. போன மாசம் ரத்தம் வந்த கை இது. தொட்டுப் பாருங்க."

அந்தம்மா தொடவில்லை. கிரீமை மட்டும் தன் மணிக்கட்டில் தேய்த்து, கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள்.

"சரக்கு நல்லாத்தான் இருக்கு. புதுசா செஞ்சு கொண்டா, எடுத்துக்கறேன். ஆனா இந்தக் கையை இங்க காட்டாதே. அழகாகணும்னு வர்றவங்க இதைப் பார்த்தா ஓடிருவாங்க. இவங்கள இனிமே கூட்டிட்டு வராதே, என்ன?"

என் கை இன்னும் நாத்தனார் கைக்குள்தான் இருந்தது. அவள் விட்டாள்.

"சரிங்கம்மா."

தெருவுக்கு வந்ததும் ஓவென்று அழுதாள். "அண்ணி, என்னை நாலு அறை விடுங்க."

அறையத்தான் கை வந்தது. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த 'சரிங்கம்மா'வை இன்னும் சீக்கிரம் சொல்லியிருப்பேன். அதுதான் தாங்கவில்லை.

"மூஞ்சியைத் துடைடி. போற வழியில மெழுகு வாங்கணும்" என்றேன்.

திங்கட்கிழமை சலவைக்கூடத்துக்கு நான் மட்டும் போனேன்.