பிஸ்கட் டப்பாவின் குரல்

“யாராவது கைய ஆட்டுங்கடி!” என்று அதட்டினாள் சிவசங்கரி.

ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஆளுக்கொரு கையைத் தூக்கி ஆட்டினார்கள். கூடத்து விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றத் தொடங்கியது. அழுது ஓய்ந்து ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் போதும், ஆளே இல்லை என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் அணைத்துவிடும் அந்த வீடு. அப்படி அதற்குச் சொல்லிக்கொடுத்த ராஜவேல் இப்போது பெட்டிக்குள் படுத்திருந்தார். காலையிலிருந்து விளக்கு அணைந்தது இது ஏழாவது தடவை. துக்கம் கேட்க வந்த இரண்டு பெண்கள் முந்தானையை வாயில் பொத்திச் சிரிப்பை அடக்குவதை வேம்பு பார்த்தாள். முப்பத்திரண்டு வருடம் அவரோடு குடித்தனம் செய்தவள், இதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

ராஜவேல் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மில்லை மூடியபின் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாமல் வீட்டின் மேல் பாய்ந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் காந்தி வீதிச் சந்தையில் குந்தி உட்கார்ந்து பழைய சார்ஜர், உடைந்த போன், பெயர் தெரியாத சின்னச் சின்ன போர்டுகள் என்று பை நிறைய அள்ளி வருவார். வாரம் முழுக்க யூடியூபைப் பார்த்துப் பார்த்துப் பற்றவைப்பார். மோட்டார் தானே ஓடி, தொட்டி நிரம்பினால் தானே நின்றது. ஆள் வந்தால் விளக்கு எரிந்தது. சமையல்கட்டு, கூடம், மொட்டைமாடித் தொட்டியடி என்று எங்கே எப்போது ஆள் அசைந்தாலும் அவருடைய போனில் நேரத்தோடு பதிவானது. “பூன குதிச்சாலும் எழுதி வெச்சிரும்” என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

இதெல்லாம் வேம்புக்குத் தொந்தரவில்லை. தொந்தரவு டப்பாதான்.

எதிர்வீட்டு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற பெரியவர், பாரீஸ் போய் வந்தபோது கொடுத்த பிஸ்கட் டப்பா அது. அதற்குள் ஸ்பீக்கரைப் பொருத்தி மாடிப்படித் திருப்பத்தில் ஆணியடித்து மாட்டினார் ராஜவேல். பேசுவதற்குத் தன் குரலையே பதிந்து வைத்தார். ஃபிரிட்ஜ் கதவு முப்பது நொடிக்கு மேல் திறந்திருந்தால், “வேம்பு, கதவ மூடு. எத்தன தடவ சொல்றது?” கொல்லை விளக்கு எரிந்துகொண்டிருந்தால், “வேம்பு, கரண்டு இன்னா உங்கப்பன் வூட்டுதா?” ஒரு நாளைக்கு இருபது தடவை, நாலு வருடம். தெருப் பிள்ளைகள் அதேபோலப் பேசிக் காட்டினார்கள். நாத்தனார் சிவசங்கரி வரும்போதெல்லாம் வேண்டுமென்றே ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக் கேட்டு, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போவாள். அதிலும் ஒரு கொடுமை, ராஜவேல் தன் வாயால் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். அந்த வேலையையும் டப்பா பார்த்துக்கொண்டது.

போன ஞாயிறன்று மகன் இளம்பரிதிக்குப் பெண் கொடுக்க கோரிமேட்டிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. வேம்பு பதற்றத்தில் ஃபிரிட்ஜைத் திறந்துபோட்டுவிட்டு ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்தாள். “வேம்பு, கதவ மூடு. அறிவிருக்கா உனக்கு?” என்றது டப்பா. பெண்ணின் அப்பா சிரித்துவிட்டு இருமுவதுபோல நடித்தார். அன்றைக்கு எல்லோரும் போனபின் வேம்பு அழுதாள். “எம்பேர அதுலேந்து எடுத்துடுங்க. நான் செத்தாக்கூட அது என்னத் திட்டிக்கினே இருக்கும்” என்றாள். ராஜவேல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திங்களும் செவ்வாயும் டப்பா வாயைத் திறக்கவில்லை. வேம்பு சோதித்தே பார்த்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு முப்பதுவரை எண்ணினாள், சத்தமில்லை. ஏதோ பழுது, மனுஷன் சரிசெய்யாமல் விடமாட்டார் என்று நினைத்தாள். ஆனாலும் அந்த இரண்டு நாள் சமையல்கட்டில் நிம்மதியாக நின்றாள்.

நேற்று, புதன்கிழமை காலை பத்து மணிக்கு, வயர் சுருளும் ஸ்குரூ டிரைவருமாக அவர் மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மாடிப்படிப் பக்கமிருந்து கேட்டது.

“வேம்பு.”

மறுபடியும் டப்பா. சரி பண்ணிவிட்டார். பழுது பார்த்தபின் முதல் வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம்.

“வேம்பு… வேம்பு…”

“கூப்புடு. நல்லாக் கூப்புடு” என்று சொல்லிவிட்டு அவள் மிக்ஸியைப் போட்டாள். தேங்காய் அரைந்து முடிந்தபிறகும் இரண்டு தடவை கேட்டது. அப்புறம் நின்றது. பதினொன்றரைக்கு, சோறு வடித்துவிட்டு மாடிக்குப் போனபோது, தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. உள்ளங்கையில் ஒரு குட்டிப் பச்சை பல்பு இருந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு என்றார்.

ஊருக்கெல்லாம் எதுவும் கேட்கவில்லை என்றே வேம்பு சொன்னாள். ராத்திரி வந்து சேர்ந்த மகனிடம் மட்டும் ஒளிக்க முடியவில்லை. “டப்பா கூப்பிட்டிச்சுடா. டப்பா தானேன்னு நான் போவல” என்றாள். “டப்பாவாத்தாம்மா இருக்கும். நீ அழுவாத” என்று அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். விடியும்வரை அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கூப்பிட்டது டப்பாவாக இருந்தால் அவர் யாரையும் கூப்பிடாமல் சட்டென்று போயிருக்கிறார், அவள்மேல் பழியில்லை. டப்பாவாக இல்லாவிட்டால் என்ற பக்கத்துக்கு அவள் மனதைப் போகவிடவில்லை.

காரியம் செய்துவைக்க வந்த சாமிக்கண்ணு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

“உயிர் போன நேரம் சொல்லுங்க. நேத்து பத்து நாப்பது வரைக்கும் திருவோணம், அதுக்குள்ளன்னா ஒண்ணும் இல்ல. அதுக்கு மேல அவிட்டம். அவிட்டத்துல போனா ஆறு மாசம் அடைப்பு, வூட்டப் பூட்டிட்டு வெளியதான் இருக்கணும்.”

எல்லோரும் வேம்புவைப் பார்த்தார்கள்.

“நான் பதினொன்னரைக்குப் பாத்தேன். அப்பவே…”

“அதுவரைக்கும் நீ இன்னா பண்ணிக்கினு இருந்த அண்ணி?” சிவசங்கரி எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டாள். “மேல ஒரு மனுஷன் போனாரே, ஒன்ற மணி நேரமா எறங்கலியேன்னு தோணல?”

“சமையக்கட்டுல இருந்தேன்.”

“சமையக்கட்டு இன்னா காலாப்பட்டுலயா கீது?” என்றாள் சிவசங்கரி. யாரோ “சும்மா இரு” என்றார்கள். அவள் சும்மா இருக்கிற ரகமில்லை. “பரிதி, உங்கப்பன் போன எடு. இவங்களக் கேட்டா ஒண்ணும் தெரியாது. வூடு எழுதி வெச்சிருக்கும்.”

போன் பூட்டியிருந்தது. சிவசங்கரி ஐஸ் பெட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி, அண்ணனின் வலது கட்டைவிரலைத் தானே பிடித்துப் போனில் அழுத்தினாள். இரண்டு தடவை அழுத்தியும் திறக்கவில்லை. மூன்றாவது தடவை இன்னும் பலமாக அழுத்தினாள். ஜில்லென்றிருந்த அந்த விரலைப் போன் ராஜவேலாக ஏற்றுக்கொள்ளவில்லை.

“மில்லு டோக்கன் நம்பர் போட்டுப் பாரு. ரெண்டு ஏழு ஒண்ணு நாலு” என்றாள் வேம்பு. சொன்னபிறகுதான் ஏன் சொன்னோம் என்றிருந்தது.

போன் திறந்தது. இளம்பரிதி விரலால் தள்ளித் தள்ளிப் படித்தான். வேம்பு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. மேலே போனது, திரும்பக் கீழே வந்தது.

“பத்து மணி பத்து நிமிஷம்” என்றான். “அதுக்கு மேல அசைவு இல்ல.”

“திருவோணம். தப்பிச்சீங்க” என்று சாமிக்கண்ணு பஞ்சாங்கத்தை மூடினார். கூடத்தில் இருந்தவர்களுக்கு மூச்சு வந்தது. “புண்ணியவான். ஒரு நிமிஷங்கூடக் கஷ்டப்படல எங்கண்ணன்” என்று சிவசங்கரி மறுபடி அழ ஆரம்பித்தாள்.

வேம்பு கைகூப்பினாள். நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது, கடவுளுக்கோ டப்பாவுக்கோ. மகன் சமையல்கட்டுக்குப் போவதைப் பார்த்துப் பின்னாலேயே போனாள்.

“டப்பா தானேடா கூப்பிட்டிச்சு?”

அவன் ஜன்னலைப் பார்த்தபடி நின்றான்.

“பதினொண்ணு எட்டு வரைக்கும் அசைஞ்சிருக்காரும்மா.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. “பூனையா இருக்கும்டா.”

“பூன அம்பத்தெட்டு நிமிஷம் ஒரே எடத்துலயா கெடக்கும்? தொட்டியடில, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ, மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவ. கடேசில அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ.” குரலை உயர்த்தாமல் சொன்னான். “அந்த நேரம் பூரா சமையக்கட்டுலயும் ஆள் இருந்திருக்கு. அதுவும் இதுல கீது.”

“டப்பா கூப்பிட்டிச்சேடா, நான் காதால கேட்டேனே…”

“டப்பால ஒண்ணும் இல்லம்மா, போன்ல பாத்தேன். ஞாயித்துக்கிழம சாயங்காலமே குரல் எல்லாத்தையும் அழிச்சிட்டாரு. உம்பேரே அதுல இல்ல. கத்தறதுக்குப் பதிலா இங்க ஒரு பச்ச பல்பு எரியறாப்பல மாத்தி எழுதி வெச்சிருக்காரு. அதுக்குத்தான் மேலேந்து வயர் இழுக்கப் போயிருக்காரு.”

வேம்பு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லியிருக்கலாமே என்று நினைத்தாள். ஒரு வார்த்தை, அழிச்சிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாலு வருடம் டப்பாவை விட்டுப் பேசவைத்த மனுஷன், பேச வேண்டிய அன்றைக்கு பல்பு வாங்கிவரப் போய்விட்டார்.

“எத்தன தடவ கேட்டுது உனக்கு?” என்றான் மகன்.

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. “அஞ்சு, ஆறு தடவ.”

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். முதுகைத் தடவ நேற்று நீண்ட கை இன்று நீளவில்லை. “அத்தைக்குத் தெரிய வேணாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான்.

பன்னிரண்டு மணிக்கு எடுத்தார்கள். பெரிய மார்க்கெட்டிலிருந்து வந்த ரோஜா மாலைகளும் பறையும் வேட்டுமாகத் தெரு அதிர்ந்தது. தீச்சட்டியோடு முன்னால் போன இளம்பரிதி வாசலைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. சம்பிரதாயப்படி திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அது வேறு என்று வேம்புக்குத் தெரியும்.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். கூடத்தில் துடைப்பம் ஓடிக்கொண்டிருந்தவரை விளக்கு அணையவில்லை. வேம்பு சமையல்கட்டுக்குள் வந்து ஃபிரிட்ஜின் கதவைத் திறந்தாள். நேற்று அரைத்த தேங்காய் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. கதவைப் பிடித்தபடி அசையாமல் நின்று மனதுக்குள் எண்ணினாள்.

முப்பது வந்தது. மாடிப்படிப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

அவள் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். எத்தனை தடவை முப்பது எண்ணினாளோ தெரியாது. ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு சமையல்கட்டு விளக்கு அணைந்தது. ஃபிரிட்ஜின் வெளிச்சம் மட்டும் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. கூடத்திலிருந்து சிவசங்கரி, “கைய ஆட்டு அண்ணி, இருட்டுல இன்னா பண்ற?” என்று கத்தினாள்.

வேம்பு கையை ஆட்டவில்லை. பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.