பள்ளி முற்றத்தில் கோசாரா

1.

இந்தக் கதை ஒரு சாவு வீட்டில் பிறந்தது. அம்மாவைப் புதைத்துவிட்டு வந்து, வேகவைத்த இனிப்புக் கோதுமையைத் தின்றுகொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு மிலுன்கா பிளம் சாராயத்தை ஒரு மிடறு குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்கம்மா அன்னிக்கு வாயைத் திறந்திருந்தா ஓப்ராட் செத்திருக்க மாட்டான்டா."

'நான் பேசினேன்' என்றுதான் அம்மா கடைசிவரை என்னிடம் சொல்லியிருந்தாள்.

2.

'இரண்டாம் உலகப் போரில் எரியாமல் தப்பிய செர்பியக் கிராமம் யாசென்கா' என்று தொடங்கினேன். அரசாங்கப் பலகை மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். 'பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு' — வேண்டாம். அன்று பனி கொட்டியதா என்று எனக்குத் தெரியாது.

தெரிந்தது இது. ஜெர்மன் படை மலையேறி வரும் செய்தி எட்டியபோது, ஸ்டானா என்ற விதவையின் பிளம் உலர்த்தும் கொட்டகையில் ராய்க்கோ என்ற போராளி காலில் குண்டுக்காயத்தோடு கிடந்தான். அகப்பட்டால் ஊரையே கொளுத்துவார்கள். ஸ்டானா ஆட்டுமயிர்க் கத்தரியால் தன் மகளின் பின்னலை வெட்டி, தலையை ஒட்ட நறுக்கி, படுக்கையில் கிடத்தினாள். பேன் பரப்பும் டைஃபஸ் காய்ச்சல் என்றால் ஜெர்மன்காரர்கள் வாசலைத் தாண்ட மாட்டார்கள்.

மகள் கோசாரா. என் அம்மா.

3.

ஜெர்மன் படையோடு வந்த மொழிபெயர்ப்பாளர் ஓப்ராட்டை முதலில் கோழையாக எழுதினேன். (வீரனாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவருக்கு உயிர் வரவில்லை.) முந்தைய போரில் கைதியாக இருந்து ஜெர்மன் கற்றவர். சார்ஜென்ட் வாசலில் நிற்க, அவர் மட்டும் உள்ளே வந்து கோசாராவின் நெற்றியைத் தொட்டார். காய்ச்சல் இல்லை. கட்டிலடியில் பின்னல் கிடந்தது.

"இதை அடுப்புல போட்டிருக்கக் கூடாதாம்மா?" என்று முணுமுணுத்தார்.

"ஐயா, எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான்."

"அப்ப சத்தமா அழு. அவன் காதுல விழணும்."

பூட்ஸ் காலால் பின்னலை உள்ளே தள்ளிவிட்டு, வாசலைப் பார்த்து "டைஃபஸ்" என்றார்.

படை திரும்பி அடுத்த ஊருக்குப் போனது. அங்கே ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். உத்தரவைச் செர்பிய மொழியில் வாசித்தவரும் ஓப்ராட்தான். செத்தவர்களில் ஒருவன் மிலுன்காவின் அண்ணன்.

4.

விடுதலைக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் ஓப்ராட் மீது விசாரணை. நாற்காலியில் அதிகாரியாக ராய்க்கோ. படை ஏன் திரும்பிப் போனது என்பது கொட்டகையில் கிடந்தவருக்குத் தெரியாது. (இனி அவரை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். மறு வருஷம் கோசாராவை மணந்தார். என் அப்பா.) ஸ்டானா அதற்குள் இறந்திருந்தாள். கோசாரா நடந்ததை மிலுன்காவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"இந்த ஆளுக்காகப் பேச யாராவது இருக்கீங்களா?" என்று ராய்க்கோ கேட்டார்.

அன்று சாயங்காலம் ஓப்ராட்டை மாவரைக்கும் ஆலைக்குப் பின்னால் சுட்டார்கள். இதில் யாருக்கும் சந்தேகமில்லை.

"நீங்க ஏன் பேசல அத்தை?" சாவு வீட்டில் கேட்டேன்.

"எங்கண்ணன புதைச்ச கை இது. நான் எப்படிடா பேசுவேன்? அவ பேசுவான்னு காத்துக்கிட்டிருந்தேன்."

5.

அவள் பேசினாள் என்று எழுதினால், கேட்டும் சுடச் சொன்னவர் அப்பா. அந்த மனிதருக்கு அவள் எப்படி நாற்பது வருஷம் ரொட்டி சுட்டுப் போட்டாள்? பேசவில்லை என்று எழுதினால், தன் உயிர் யாரால் தப்பியது என்று அறியாமலே அப்பா செத்தார். அவர் பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு அது தெரியும். இரண்டையும் எழுதிக் கிழித்தேன்.

அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். நீங்கள் அவர்கள் பிள்ளை இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அம்மாவும் மிலுன்காவும் ஒத்துப்போனது இதில்தான்: ஓப்ராட் யாரையும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. கோசாரா நின்ற பக்கமே அவர் திரும்பவில்லை.

ராய்க்கோ இரண்டாம் முறை கேட்கிறார். கோசாரா