மூன்றாம் மாடி நாற்றமும் நான் எழுத நினைத்த சோகக் கதையும்

1

இந்தக் கதை நாற்றத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

எழுபத்தாறாம் ஆண்டுச் சித்திரை வெயில். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்து ஊழியர் மாடிவீடுகளில் ஒன்றில் நான் தனியாகக் குடியிருக்கிறேன். அழகான ஒரு பிரிவுக் கதை எழுதுவோம் என்று பேனையைத் திறந்தால், குளியலறைப் பக்கமிருந்து மலக்குழி வாடை வந்தது. கதவைச் சாத்தினேன். கீழ் இடுக்கால் வந்தது. நிலா, அலை, கைக்குட்டை என்று எதை எழுதினாலும் எல்லாம் நாறியது. எரிச்சலில், நாற்றத்தையே எழுதித் தொலைப்போம் என்று தாளைத் திருப்பிப் போட்டேன்.

2

ஆரம்பங்கள்:

"துறைமுகத்தின் மீது சூரியன் தன் பொற்கரங்களை—" (வேண்டாம். நாற்றத்துக்குப் பொற்கரம் எதற்கு?)

"நஜ்முன் நிஸாவின் கண்களிலிருந்து கண்ணீர்—" (யாரென்றே தெரியாத பெண் அழுதால் உங்களுக்கு என்ன?)

நேராகவே சொல்கிறேன். நிஸா கிண்ணியாக்காரி. நகரத்துப் பள்ளிக்கூடமொன்றில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. கிண்ணியாவிலிருந்து பாதையில் வந்தால் முதல் மணிக்கு வந்து சேர ஏலாது. (பாதை என்று எங்கள் பக்கம் சொல்வது ஆட்களையும் பஸ்ஸையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவையை. அது தனக்கு மனம் வந்தால்தான் புறப்படும்.) அவளுடைய புருஷன் லாபிர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். அதனால் கிடைத்த மூன்றாம் மாடி வீட்டில்தான் இருவரும் இருக்கிறார்கள். என் வீட்டு நாற்றத்தை அங்கே கொண்டுபோய் வைத்தேன். வீடு போனால் வேலை போகும். கதையில் பணயம் அவ்வளவுதான், ஆனால் நிஸாவுக்கு அது பெரிது.

லாபிருக்கோ வீடு போனால் சந்தோஷம். எங்கள் பகுதியில் கலியாணம் முடித்த ஆண், மனைவியின் வீட்டில்தான் போய் இருப்பான். நிஸாவின் உம்மா சித்தி பரீதா (சித்தி என்பது முறையல்ல, தாயின் பெயரே அதுதான்), மருமகனின் சோற்றுக் கோப்பையில் மீன் தலையை வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுவார். அந்த ராசாங்கத்தை விட்டுவிட்டு யார் மாடியேறுவான்?

"இந்த மணத்துக்குள்ள மனிசன் சோறு தின்னலாமா நிஸா? உம்மாட வீட்டுக்கே போவம்."

"மணத்த நான் போக்குறன்."

"ஹஜ்ஜுப் பெருநாளில இருந்துதான் போக்குறாய்."

அதோடு நிற்காமல் மாமியாருக்கும் சொல்லியனுப்பினான். சனிக்கிழமை அவர் நேரில் வந்து மோந்து பார்ப்பார். வாடை உண்மையென்றால் மகளைக் கையோடு கூட்டிப்போவார்.

3

லாபிரைப் பற்றி எனக்கே சந்தேகம். முதல் பிரதியில் அவனுக்குக் கள்ள முழியும் மெல்லிய மீசையும் வைத்தேன். பிறகு, மீன் தலைக்கு ஆசைப்படுவது ஒரு குற்றமா என்று யோசித்து மீசையை எடுத்துவிட்டேன். முழி இருக்கட்டும்.

நிஸா தோற்கவேண்டும் என்பதுதான் என் திட்டம். கொழும்புப் பத்திரிகைகளுக்குக் கண்ணீர் பிடிக்கும். றங்குப்பெட்டியோடு அவள் பாதையில் நிற்பாள், துறைமுகம் சிறுத்துக்கொண்டே போகும். அந்தக் கடைசிப் பத்தியை முதலிலேயே எழுதி வைத்துவிட்டேன், அருமையாக வந்திருந்தது.

ஆகையால் அவள் செய்ததையெல்லாம் தோற்க வைத்தேன். பினாயில் வாங்கித் துடைத்தாள், தோற்றது. சாம்பிராணி போட்டாள், வாசனையும் நாற்றமும் சேர்ந்து இன்னும் கேவலமாகித் தோற்றது. மலக்குழியைப் பார்க்க வந்தவர் குழியில் குறையில்லை என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

4

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கதையில் சத்தம் போதாது என்று கீழ் வீட்டில் ஒரு கைக்குழந்தையை வைத்தேன். அழுவதற்கு மட்டும்தான் வைத்தேன். அதன் தாய் கமலாதேவி, அன்புவழிபுரத்துப் பெண். நிஸா அவள் வீட்டுக்குச் சீனி கேட்டுப் போனாள், வீட்டு நடையில் நின்று மூக்கை உறிஞ்சினாள். நான் எழுதாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"கமலாக்கா, உங்கட வீட்டில மணமே இல்லயே. புள்ளைட பீத்துணியெல்லாம் இஞ்சதானே கழுவுறீங்க?"

"ஓம் ரீச்சர். பிள்ளையையும் உள்ளுக்கதான் குளிக்க வாக்கிறனான். கிணத்தடியில காத்து, சளி பிடிச்சிடும்."

(இந்த இடத்தில் இரண்டு வரி அடித்தேன். பயனில்லை. அவள் கேட்டுவிட்டாள்.)

மற்றவர்கள் எல்லாரும் முற்றத்துக் கிணற்றில்தான் குளிப்பார்கள். அறைக்குள் குளிப்பது குளிப்பா? மேலே குழாய்த் தண்ணீரும் ஏறாது. ஆகவே எல்லா வீட்டுக் குளியலறையிலும் அரிசி மூட்டை, சைக்கிள், பழைய பாய். நிஸாவும் சுமந்து வந்த தண்ணீரை வீணாக்காமல் ஈரத்துணியால்தான் தரையைத் துடைத்து வந்தாள்.

விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, கமலாதேவி வீட்டுக் குளியலறைத் தரைத் துவாரத்தில் விட்டாள். நனைந்து வந்தது. மூன்றாம் மாடிக்கு ஓடிப்போய்த் தன் வீட்டில் விட்டாள். காய்ந்தபடியே வந்தது. துவாரத்துக்கு அடியிலுள்ள குழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கவேண்டும், அந்தத் தண்ணீர்தான் குழிக்கும் வீட்டுக்கும் நடுவில் கதவு. யாரும் குளிக்காத அறையில் அது வற்றிப்போயிருந்தது.

ஒரு வாளி ஊற்றினாள். மேலே ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டாள்.

"ஓட்டைக்கும் எண்ணெய் வைக்கிறியா?" என்றான் லாபிர்.

"எண்ணெய் மேல மிதந்தா தண்ணி லேசில காயாது."

பின்னேரத்துக்குள் வாடை போய்விட்டது.

5

பேனையை வைத்துவிட்டு எழும்பிப்போய் என் குளியலறையிலும் ஒரு வாளி ஊற்றினேன். கேளுங்கள், நாற்றம் நின்றுவிட்டது! பதினைந்து கதை எழுதியிருக்கிறேன், ஒன்றாலும் எனக்கு ஒரு சதத்துக்குப் பயன் இருந்ததில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், தோற்றதில் எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி வந்ததே கிடையாது. அந்த அருமையான கடைசிப் பத்தியைக் கிழித்துப் போட்டேன்.

6

சனிக்கிழமை சித்தி பரீதா வந்தார். வியர்வையில் ஊறிப்போயிருந்தார். ஒவ்வொரு அறையாக மோந்து பார்த்தார்.

"மணத்தக் காணயில்லயே மருமகன்?"

"இண்டைக்கு இல்ல மாமி. நாளைக்கு வரும். பெட்டியக் கட்டினா நல்லம்."

அதற்கு அவர், முதலில் குளிக்கவேண்டும் என்றார். எட்டிப் பார்த்தால் வேலை முடிந்த துறைமுகத்து ஆண்கள் கிணற்றைச் சூழ்ந்து நிற்கிறார்கள். நிஸா சைக்கிளை வெளியே எடுத்து, இரண்டு வாளி தண்ணீரை உள்ளே வைத்தாள். சித்தி பரீதா போய்த் தாழ்ப்பாளைப் போட்டார்.

இனி முடிவு. "உம்மா வெளியே வந்து மகளை—" இல்லை. "லாபிர் மனம் திருந்தி—" அதுவும் இல்லை. அவர் வெளியே வரவேயில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கிறது. நேரம் போகிறது. லாபிருக்குப் பொறுக்கவில்லை.

"மாமி, பெட்டியக் கட்டட்டா?"

"பெட்டி கிடக்கட்டும் மருமகன்," என்றது உள்ளிருந்து குரல். "தண்ணியக் கொண்டாங்க."

அவர் பிறந்ததிலிருந்து தென்னோலைக் கிடுகு வேலிக்குள், நெஞ்சில் கட்டிய துணியோடு, யாராவது வருகிறார்களா என்று ஒரு கண்ணை வெளியே வைத்துக் குளித்தவர். இன்றைக்குத்தான் கண் இரண்டையும் மூடிக்கொண்டு தலையில் வார்க்கிறார். கதை முடியவேண்டும் என்பதற்காக அந்தக் கதவைத் தட்ட நான் ஆளில்லை. முடிவு வேண்டுமென்றால் நீங்களே போய்த் தட்டுங்கள். ஆனால் படியில் பார்த்துப் போங்கள். லாபிர் வாளியோடு ஏறி வருகிறான், அவனுக்கு முதலில் வழி விடுங்கள்.