நிற்காத கையெழுத்து

அந்த ஆண்டு பெரிய மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்காக நோயாளிகள் போட்ட ஒப்புதல் கையெழுத்துகளில் மூன்றில் ஒன்று, மறுநாள் காலைக்குள் தாளை விட்டுப் போய்விட்டது. படிவம் இருக்கும், தேதி இருக்கும், சாட்சியின் பெயர்கூட இருக்கும். நோயாளியின் கையெழுத்து மட்டும் அவர் வீட்டுக்குப் போயிருக்கும். லாரி ஓட்டுநர் ஒருவருடையது அவர் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் இருந்தது; ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவருடையது பீரோக் கதவில். தேய்த்தாலும் அழியவில்லை. அவசரமாகத் தூக்கி வரப்பட்டவர்களின் படிவங்களுக்கு எதுவும் ஆகவில்லை. நிர்வாக அதிகாரி பேனாவின் மேல் சந்தேகப்பட்டு மூன்று வகைப் பேனாக்களை மாற்றிப் பார்த்தார்.

சட்டக் கல்லூரி நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி அப்போது அங்கே பயிற்சியில் இருந்தாள். சிறப்புப் பாடமாக நிறுவனச் சட்டம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவள். வேறெங்கும் இடமில்லாததால் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டாள். வெறுமையான படிவங்களைப் பட்டியல் போடுவது அவள் வேலை. இரண்டே வாரத்தில் விஷயம் பிடிபட்டது. மருத்துவர் உட்கார்ந்து விளக்கிச் சொன்ன நோயாளிகளின் கையெழுத்து இம்மிகூட நகரவில்லை. “இங்க போடுங்க, இங்கயும் போடுங்க” என்று வாங்கியவைதான் கிளம்பிப் போயின. ஒன்பது பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தாள். நிர்வாக அதிகாரி அதைப் படித்துவிட்டு நான்காவது வகைப் பேனாவை வரவழைத்தார்.

அவளுடைய அம்மா பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று இருபத்தாறு வருடங்களாகச் சொல்லிவருபவள். அந்த மாதம்தான் அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு சுரப்பியை முழுதாக எடுத்துவிடலாம் என்றார் அதே மருத்துவமனையின் அறுவை மருத்துவர். குரல் நரம்பு பாதிக்கப்படக்கூடும் என்று படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. மகள் அதைப் படித்தாள். அம்மாவுக்குத் தெரிந்தால் மாட்டேன் என்றுவிடுவாளோ என்ற பயத்தில், கடைசிப் பக்கம் மட்டும் தெரியும்படி மடித்து நீட்டினாள்.

“என்னடி எழுதியிருக்கு இதுல?”

“எல்லாருக்கும் குடுக்கறதுதாம்மா. போடு.”

வக்கீலுக்குப் படிக்கிற மகள் சொல்கிறாளே என்று அம்மா போட்டாள்.

மறுநாள் காலை படிவத்தில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. மகள் வீட்டுக்கு ஓடினாள். கையெழுத்து அவளுடைய படிப்பு மேஜைக்கு மேலே சுவரில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பையோடு அம்மா அதன் எதிரே நின்றிருந்தாள். மகள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஆஸ்பத்திரிக்காரங்க பண்ணா தப்புன்னு பக்கம் பக்கமா எழுதினியே, நீ பண்ணா மட்டும்?”

அன்று மாலை அம்மா பையைப் பிரித்து, பழைய கால அட்டவணை ஒன்றின் பின்பக்கத்தில் ஏழு கேள்விகள் எழுதிக்கொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனாள். மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார், வெறும் படிவத்தைப் பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கட்டி ஒரு பக்கந்தான இருக்கு? அதை மட்டும் எடுத்தா ஆகாதா?”

“ஆகும். குரலுக்கு ஆபத்தும் குறைவு. ஆனா சோதனை முடிவு சரியில்லன்னா நீங்க மறுபடி வரணும்.”

“வர்றேன். அதுக்கும் சேத்து இன்னிக்கே கையெழுத்து கேக்காதீங்க.”

சுரப்பியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் என்று தன் கையாலேயே எழுதிப் போட்ட அந்தக் கையெழுத்து படிவத்திலேயே நின்றது. சோதனை முடிவு நல்லபடியாக வந்தது. குரல் இரண்டு மாதம் கரகரத்து, கொஞ்சம் கனத்துத் திரும்பியது. புது ஆள் வந்திருப்பதாகப் பயணிகள் ஒரு வாரம் பேசிக்கொண்டார்கள்.

மகள் நிறுவனச் சட்டத்தை அடித்துவிட்டு மருத்துவச் சட்டம் என்று எழுதிக் கொடுத்தாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் என்பதால் ஆசிரியை அவளைக் கேட்டுத்தான் விடுப்பு எடுத்தார். மருத்துவமனை பேனா மாற்றுவதை நிறுத்தி, கட்டிலுக்கு ஒரு முக்காலி வாங்கிப் போட்டது. உயிருக்கு அவசரம் இல்லாதவர்களுக்கு, கையெழுத்து ஒரு நாள் நின்றால்தான் கத்தி என்பது விதியானது. பொறுமையில்லாத மருத்துவர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிப்போனது.

வீட்டுக்குக் கொரியர் வந்தால் அம்மா இப்போது கையெழுத்துப் போடும் முன் என்ன, ஏது, யார் அனுப்பியது என்று எல்லாம் கேட்பாள். கொரியர்காரர் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பதில் சொல்வார்.