பதினோராவது கிணறு

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போகும் படகில் ஏறியபோது இரஞ்சிதத்துக்குப் பயம் இருக்கவில்லை. அதுதான் முதல் பிழை. 1986ஆம் ஆண்டில் அந்த யாழ்ப்பாணக் கடலில் பயமில்லாமல் படகேறியவர்கள் இரண்டே வகை: கைக்குழந்தைகள், ஆராய்ச்சிக்காரர்.

அவள் வேலணைக்காரி. கண்டிப் பக்கத்தில் கல்லும் மண்ணும் ஆராயும் புவிச்சரிதவியல் படிப்பித்துக்கொண்டிருந்தவள், எண்பத்துமூன்று ஆடி இனக்கலவரத்தில் உடுத்த சேலையோடு ஊருக்கு ஓடிவந்தாள். வந்தவள் சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை. நெடுந்தீவின் சுண்ணாம்புக் கல்லுக்குள் கோடி வருடத்துக்கு முந்திய சிப்பிகளும் சங்குகளும் கல்லாகிக் கிடக்கின்றன. மலை இல்லாத தீவில் கல்லின் அடுக்குகளைப் பார்க்க வேண்டுமென்றால் கிணற்றுக்குள்தான் இறங்க வேண்டும். மூன்று வருடமாக இறங்கினாள்.

எல்லாக் கிணற்றுச் சுவரிலும் ஒரு மண்ணிறக் கோடு ஓடியது. கோட்டுக்குக் கீழே முப்பத்தொரு சிப்பி வகை, மேலே ஒன்பது. மற்ற இருபத்திரண்டும் ஒரேயடியாக அழிந்தனவா, மெல்ல மெல்லவா? அகப்படாததை அழிந்தது என்று எழுதிவிடக் கூடாது, இன்னொரு கிணறு பார்க்க வேண்டும் என்பதில் அவள் பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதத்துக்கு நேற்றுத்தான் பலன் கிடைத்தது. பதினோராவது கிணற்றில், கோட்டுக்கு மேலே, அழிந்தது என்று நினைத்த வகையில் ஒரு சங்கு. சுண்டுவிரல் நகமளவு.

அந்தக் கிணறு அரியநாயகத்தாருடையது. அவளுக்காகக் கிணற்றுக்கட்டின் ஒரு பக்கத்துக் கல்லைப் பெயர்த்து, தானே கயிறு பிடித்து இறக்கியவர். ஊர்காவற்றுறையில் அலுவல் இருக்கிறது என்று, அவளுடைய பையையும் தூக்கிக்கொண்டு அதே படகில் வந்திருந்தார்.

நடுக்கடலில் கடற்படையின் ரோந்துப் படகின் இரைச்சல் கேட்டது. படகுக்காரன் எஞ்சினை நிற்பாட்டினான்.

அப்போதுதான் இரஞ்சிதத்துக்கு மடியில் கிடந்த குறிப்புக் கொப்பியின் முதல் பக்கம் நினைவுக்கு வந்தது. நெடுந்தீவில் கிணற்றுக்கு இலக்கம் கிடையாது. சொந்தக்காரரின் பெயர்தான் கிணற்றின் பெயர். அவளும் அப்படியே எழுதியிருந்தாள். தம்பிஐயா 31, 9. ஆழ்வாப்பிள்ளை 28, 7. பதினொரு ஆண்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு எண். அதைப் பார்க்கிற சீருடைக்காரன் சிப்பியையா நினைப்பான்? இயக்கத்து ஆட்களின் கணக்கு என்றுதான் நினைப்பான். போன மாதம் கொப்பியில் ஏதோ படம் கீறியிருந்ததற்காக ஒரு வாத்தியாரையே இறக்கிக்கொண்டு போனார்கள்.

மடிக்குள் வைத்து அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். கடலில் போட்டால் மிதக்கும். கசக்கி வாய்க்குள் திணித்தாள். பக்கத்தில் இருந்த செல்லாச்சி, கருவாடு விற்கப் போகிறவள், ஒரு வெற்றிலையை மடித்து நீட்டினாள்.

"இதையும் போட்டுச் சப்பு பிள்ளை."

இளம் அதிகாரி ஒருவன் படகுக்குள் குதித்தான். கொஞ்சம் தமிழ் தெரிந்தவன். இரஞ்சிதத்தின் சிவந்த வாயைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு அப்பால் போனான். பதினொரு பேரும் தப்பிவிட்டார்கள் என்று அவளுக்கு உயிர் வந்தது.

அவன் அவளுடைய பையைத் திறந்தான். உள்ளே ஆறு சீலைப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் அவள் கையாலேயே, கொட்டை எழுத்தில்: அரியநாயகம் 1, அரியநாயகம் 2, அப்படியே ஆறு வரைக்கும்.

அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். "அரிய... நாயகம். யார்?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர் எழுந்து நின்றார். "நான்தான் ஐயா. அது கிணத்துக் கல்லு. இந்தப் பிள்ளை ஆராய்ச்சிக்கு எடுத்தது."

"கல்லுக்கு எதுக்கு உன் பேர்?"

இரஞ்சிதம் வாயில் இருந்ததை முடிந்தமட்டும் விழுங்கிவிட்டுச் சொன்னாள். "அது கிணத்தின்ரை பேர். எல்லாக் கிணத்துக்கும் அப்பிடித்தான் எழுதினனான்."

"மத்தக் கிணறு எங்கே எழுதினது?"

அவள் மடியிலிருந்த கொப்பியை எடுத்து விரித்தான். உள்ளே முழுவதும் எண்களும் அவளுக்கு மட்டும் விளங்கும் குறிகளும். முன்பக்கத்தில் கிழிந்த ஓரம் பல்லுப்பல்லாக நின்றது. அவன் அதை விரலால் தடவினான்.

"இதிலே என்ன இருந்தது?"

அவள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

"ஏன் கிழிச்சது?"

"பயத்திலை."

"என்ன பயம்?"

அவள் அரியநாயகத்தாரைப் பார்த்தாள். இல்லாததை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பது அவளுடைய தொழிலின் முதல் பாடம். அவன் அந்தப் பாடம் படித்தவனல்லன். கிழிந்த ஓரத்தை வைத்தே முடிவு கட்டிவிட்டான்.

"விசாரிச்சிட்டு விடுவோம்," என்று அரியநாயகத்தாரின் தோளில் கை வைத்தான்.

"எழுதினது நான். கிழிச்சதும் நான். என்னைக் கொண்டுபோங்கோ," என்றாள் இரஞ்சிதம். துவக்கோடு ரோந்துப் படகில் நின்ற சிப்பாய் அவளை இருக்கும்படி கையைக் காட்டினான்.

அரியநாயகத்தார் ரோந்துப் படகுக்குக் காலை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினார். "பிள்ளை, கிணத்துக்கட்டு திறந்து கிடக்கு. சின்னவள் ஓடித்திரியிறவள். வீட்டிலை சொல்லிவிடும்."

கொப்பியும் பொட்டலங்களும் அவரோடு போயின.

"துப்பு பிள்ளை," என்றாள் செல்லாச்சி.

குனிந்து உள்ளங்கையில் துப்பினாள். வெற்றிலைச் சக்கையோடு, கன்னக் கொடுப்புக்குள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காகிதத் துண்டும் வந்தது. பக்கத்தின் மேல் ஓரம். குமிழ்முனைப் பேனையின் எழுத்துக் கலையவில்லை. 'நெடுந்தீவுக் கிணறுகள், சிப்பி வகைகள்' என்று அவளே போட்ட தலைப்பு. அந்த ஒரு வரியை அவனுக்குக் காட்டியிருந்தால் போதும்.

அவள் எழுந்து அந்தத் துண்டைத் தூக்கிப் பிடித்தாள். ரோந்துப் படகு அதற்குள் வெகுதூரம் போய்விட்டது.