அருள்மலர் – 1

உலகத்தின் எரிபொருள் எதிர்காலம் லண்டனில், ஹோல்பனுக்குப் பக்கத்தில், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் தீர்மானிக்கப்பட்டு வந்தது. முதலாம் மாடியில் பல் வைத்தியர் இருந்தார். ஒல்பரி பேசின் எனர்ஜி என்ற அந்த எண்ணெய்க் கம்பனியின் அலுவலகத்தில் எப்போதாவது துளையிடும் சத்தம் கேட்டதென்றால், அது அவருடையதுதான்.

கம்பனியின் கிணறுகள் டெக்சாசில் இருந்தன. அங்கே ஷேல் எண்ணெய்க்குப் பெரிய அடிபிடி. பாறைக்குள் மயிரிழைச் சந்துகளில் ஒளிந்திருக்கிற எண்ணெய் அது. தண்ணீரையும் மணலையும் அடித்துப் பாறையை நொறுக்கித்தான் வெளியே எடுக்க வேண்டும். அப்படித் திறந்த கிணறு புது மாப்பிள்ளை மாதிரி. முதல் வருடம் அள்ளி அள்ளிக் கொடுக்கும். பிறகு கேட்டால்தான் கொடுக்கும். அதற்கும் பிறகு கேட்டாலும் கொடுக்காது. ஆகவே பெரிய கம்பனிகள் ஓயாமல் புதுக் கிணறு தோண்டின. ஒல்பரி போன்ற சின்னக் கம்பனிகள் ஓயாமல் அறிக்கை விட்டன.

செபமாலைமுத்து ஒல்பரியில் பொறியியலாளர். லண்டனின் தெற்கு ஓரத்துச் சட்டனிலிருந்து ரயிலில் வந்து, நாள் முழுக்கத் திரையில் கிணறுகளின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ரயிலிலேயே திரும்புகிறவர். டெக்சாசைக் கண்ணால் கண்டதில்லை. அவருக்குச் சம்பளம் கூட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, தலைமை நிர்வாகி ரூப்பர்ட் அவரைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக் குலுக்கி, அதைவிடப் பெரிய கௌரவம் ஒன்றைத் தந்தார். அடுத்த கிணற்றுக்கு அவரே பெயர் வைக்கலாம். எண்ணெய்க்காரரிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு.

செபமாலைமுத்து யோசிக்கவே இல்லை. மனைவியின் பெயரை வைத்தார்.

'அருள்மலர் – 1' என்று பலகை நட்ட கிணற்றின் படம், சட்டன் வீட்டுச் சுவரில் மடு மாதா படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. மாதாவைவிட ஓரங்குலம் கீழே. அருள்மலர் தாழ்மையுள்ள மனுஷி. கோயில் பங்கில் யாராவது அமெரிக்கா என்று வாயைத் திறந்தால் போதும், "டெக்சாசில எனக்கொரு கிணறு கிடக்குது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாள். மற்றவர்களாலும் அதற்குப் பிறகு பேச முடியாது.

இரண்டாம் வருடம் பக்கத்துக் காணியில் ஒரு பெரிய கம்பனி பாறையை நொறுக்கியது. அவர்கள் அடித்த தண்ணீர் நிலத்துக்கடியால் வந்து அருள்மலர் – 1இல் புகுந்தது. மேலே என்றால் வேலிச் சண்டையாவது பிடிக்கலாம்; இரண்டு மைல் ஆழத்தில் ஆரோடு பிடிப்பது? அன்றிலிருந்து எண்ணெய் குறைந்தது, தண்ணீர் கூடியது.

"அருள்மலரால் இனி இலாபமில்லை." "அருள்மலரைச் சீமெந்து போட்டு மூடிவிடலாம்." அலுவலகக் கூட்டங்களில் இப்படிப் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் செபமாலைமுத்து கையைத் தூக்கினார். கொஞ்சம் பொறுங்கள் என்று மன்றாடினார்.

"செப், உணர்ச்சிவசப்படக் கூடாது" என்றார் ரூப்பர்ட். "சந்தை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது."

சந்தை பார்க்கவில்லை. அதற்கு ஒல்பரியின் பெயரே தெரியாது. ஆனால் மூடலாம் என்று கையெழுத்து வைக்க வேண்டியவர் செபமாலைமுத்துதான். திங்கட்கிழமைக்குள் வைக்க வேண்டும்.

பொறியியலால் ஏலுமானதெல்லாம் செய்தாயிற்று. ஆகவே அவர் பங்குச் சுவாமியிடம் போனார்.

தமிழ்ப் பூசையில் இறந்தவர்களுக்காக மன்றாடலாம், நோயாளிகளுக்காக மன்றாடலாம், சோதனை எழுதும் பிள்ளைகளுக்காகவும் மன்றாடலாம். எண்ணெய்க் கிணற்றுக்கு ஏற்பாடில்லை. படித்த மனுஷன் அதை வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டு, "நோயாளியெண்டு வாசியுங்கோ சுவாமி. பேர் அருள்மலர்" என்றார். சுவாமி அவர் தோளைத் தடவினார்; மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஞாயிறு அருள்மலருக்கு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் ஷிப்ட். கோயிலுக்கு வரமாட்டாள். எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தவர், பங்குச் சனத்தை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, வழக்கமாகத் தலையாட்டாதவர்கள்கூட அவர் கையைப் பிடித்தார்கள். ஒருவர் தன் மீன் ரோலையே கொடுத்தார். சனம் திருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

குசினியில் மேரிசாந்தி ஆட்டுக்கால் சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். அருள்மலரின் சிநேகிதி, பூசையில் பெயரைக் கேட்டதும் வேலையிடத்துக்குப் போன் எடுத்துச் சொன்னவளும் அவள்தான். அருள்மலர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, ஷிப்ட் உடுப்போடு சோபாவில் இருந்தாள்.

"இஞ்சருங்கோ" என்றாள். "ஸ்கானில என்ன இருந்தது?"

போன மாதம் அவளுக்கு வயிற்றில் ஸ்கான் எடுத்திருந்தார்கள். ஸ்கொட்லாந்துக்கார டாக்டரின் இங்கிலீசு அவளுக்குப் பிடிபடவில்லை. ஒன்றுமில்லையாம் என்று தமிழில் சொன்னவர் செபமாலைமுத்து.

"ஒண்டுமில்லை. அண்டைக்கே சொன்னனான்தானே?"

"எனக்கு ஒளிக்காதேங்கோ. ஒண்டுமில்லாட்டி ஏன் பூசை?"

அவர் சப்பாத்தைக் கழற்றாமலே அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். அவள் கையைப் பிடித்தார்.

"அழாதையும். பூசை உமக்கில்லை."

"பின்னை எந்த அருள்மலருக்கு?"

"டெக்சாசில இருக்கிற…"

"என்ர மாதாவே!" என்று மேரிசாந்தி அகப்பையோடு வந்தாள். "அண்ணை, அங்கயும் ஒண்டோ?"

"கிணறப்பா! கிணறு! அது சாகப் போகுது."

மேரிசாந்தி அகப்பையைத் தாழ்த்தினாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்: பக்கத்துக் காணிக்காரரின் தண்ணீர், சீமெந்து, நாளைக்கு வைக்க வேண்டிய கையெழுத்து.

"உம்மட பேரை எழுதி, இனிப் பிரயோசனமில்லை, மூடுங்கோ எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது, அருள்? எனக்கு ஏலாது."

அருள்மலர் அவரைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது; அதற்குள் அழுகையும் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து அவர் சட்டையில் துடைத்தாள்.

"விசரே உங்களுக்கு? நான் இஞ்ச குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன். அதை மூடுங்கோ. வடிவாக் கையெழுத்து வையுங்கோ."

"சனத்துக்கு என்ன சொல்லுறது?"

"சுகமாயிட்டனெண்டு சொல்லுவம். சுவாமிக்கும் சந்தோசம்."

"அப்ப என்ர ஆட்டுக்கால்?" என்றாள் மேரிசாந்தி. "கிணறு வத்தினதுக்கு ஆராவது சூப்பு வைப்பினமே?"

மூவரும் சூப்புக் குடித்தார்கள். அருள்மலர் அவருடைய கோப்பைக்குள் எலும்பொன்றை எடுத்துப் போட்டாள். நல்ல எலும்பு. பிறகு, பெருமை முழுசாக விட்டுப்போகாத குரலில் கேட்டாள்:

"உங்கட மற்றக் கிணறுகளும் இப்பிடித்தானே?"

அவர் எலும்பை உறிஞ்சினார். பொய் சொல்ல இன்றைக்கு இடமில்லை.

"ஒண்டு மட்டும் நல்லா ஓடுது. அதாலதான் கம்பனியே நிக்குது."

"அதுக்கு ஆரின்ர பேர்?"

"பிஸ்கட்."

"பிஸ்கட்டோ? அது ஆர்?"

அது ரூப்பர்ட்டின் நாய்.